ஜெபத்தில் வரும் பெயர்கள்

தாமிரபரணிக்குத் தெற்கே, தேரிக்காட்டை ஒட்டிய ஊர்களில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் நடக்கும். கூடத்தில் பாய் விரிப்பார்கள். முதலில் ஒரு கீர்த்தனை. பிறகு வேதப்புத்தகத்தில் ஓர் அதிகாரம், ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் கடைக்குட்டி தன் வசனத்தை முடிக்கும்வரை எல்லோரும் பொறுமையாக இருப்பார்கள். அதன்பின் முழங்காலில் நின்று பெரியவர்களில் ஒருவர் ஜெபிப்பார். நான் வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான். பாட்டும் வசனமும் எனக்குப் பாதி மறந்துவிட்டன. மறக்காமல் நிற்பவை பெயர்கள். ஆச்சி ஜெபிக்கும்போது பெயர்கள் வரிசையாக வரும்: பம்பாயில் வேலை தேடிக்கொண்டிருந்த சித்தப்பா, பிள்ளையில்லாத அத்தை, அடுத்த தெருவில் படுக்கையாகக் கிடந்த கிழவர், சேகரத்துப் போதகரான ஐயர், ஊழியத்துக்காக வடக்கே போன ஒரு குடும்பம், கடைசியாக எங்கள் முற்றம் பெருக்க வந்த அம்மா. யாரெல்லாம் நமக்கு வேண்டியவர்கள் என்பதை அந்த வரிசையைக் கேட்டுக் கேட்டே நான் கற்றேன். எவரும் அதை எனக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை.

கிறிஸ்தவ வளர்ப்பு ஒருவரின் குணத்தை எப்படி ஆக்குகிறது என்று கேட்டால் பத்துக் கட்டளைகளையும் ஓய்வுநாள் பள்ளியையும் மனப்பாட வசனங்களையும் சொல்வது வழக்கம். அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் நெடுநாள் இதைப் படித்தும் பார்த்தும் வந்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு. வீட்டில் நாள்தோறும் திரும்பத் திரும்ப நடக்கும் சின்னக் காரியங்களில்தான் குணம் ஊறுகிறது. யார் பெயர் ஜெபத்தில் வருகிறது, பானையிலிருந்து எடுத்த அரிசி யாருக்குப் போகிறது, யாருக்கு எந்தத் தம்ளரில் காப்பி. பெற்றோர் சொல்வதைப் பிள்ளை கற்கிறது; செய்வதையும் கற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் அந்த ஒத்துப்போகாமையையும் சேர்த்தே கற்கிறது.

வீட்டையே பள்ளிக்கூடமாக எண்ணுவது கிறிஸ்தவத்தில், குறிப்பாகப் புரொட்டஸ்டண்ட் மரபில், பழைய எண்ணம். மார்ட்டின் லூதர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தை முதன்மையாகக் குடும்பத் தலைவர்களின் கையில் கொடுத்தார். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்கு இதை எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்று குறித்தார். கட்டளையைச் சொல்லி, அதற்கு என்ன பொருள் என்று கேட்டு, விடை சொல்லும் கேள்வி-பதில் நூல் அது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு அவர் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அயலானைப் பற்றி அவதூறு பேசாமலிருந்தால் போதாது, அவன் செய்ததற்கு நல்ல அர்த்தம் கொள்ளவும் வேண்டும் என்கிறார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டாரைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதுவரை இறங்கி வந்து கற்பிக்கும் சமயக்கல்வி இது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, மறு ஆண்டே இந்த நூலைத் தமிழாக்கினார். பள்ளிக்கூடங்களையும் தொடங்கினார், அவற்றுள் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியும் ஒன்று.

அதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே முத்துக்குளித்துறையில் இதற்கு நேர் தலைகீழான ஒன்று நடந்திருந்தது. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். மொழி தெரிந்த சிலரைக் கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் மன்றாட்டுகளையும் தமிழில் ஆக்கி, அவற்றைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் வேலைக்காரருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்க வேண்டியது பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு ஏறியது. இதில் எனக்கு வருத்தம் தரும் பகுதியும் உண்டு. வீட்டில் பழைய வழிபாட்டைத் தொடரும் பெற்றோரைப் பற்றிப் பிள்ளைகள் தம்மிடம் வந்து சொன்னதையும், தாம் அவர்களோடு போய் அந்த உருவங்களை உடைத்ததையும் சவேரியார் தம் கடிதத்தில் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். பெற்றோரைக் காட்டிக்கொடுக்கப் பழகிய பிள்ளை மன்றாட்டுகளோடு வேறு எதைக் கற்றிருக்கும் என்ற கேள்வி அதைப் படிக்கும்போதெல்லாம் எழுகிறது. நம்பிக்கை நிலைத்தது, பிள்ளைகள் தாமே பெற்றோராகித் தங்கள் வீட்டில் மாலை மன்றாட்டைத் தொடங்கிய பிறகுதான். இன்றும் மணப்பாட்டிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் வீட்டில் கூடிச் சொல்லும் ஜெபமாலை அந்த மரபின் தொடர்ச்சி.

திருநெல்வேலிப் பகுதியில் புரொட்டஸ்டண்ட் சபையின் தொடக்கம் ஒரு சின்னப் பதிவேடு: 1780இல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட நாற்பது பெயர்கள். அதில் முதன்மையானவர் குளோரிந்தா என்ற விதவைப் பெண். 1820இல் வந்த மிஷனரி ரேனியஸ் காலத்தில் சபைகள் கிராமம் கிராமமாகப் பெருகின. துன்புறுத்தப்பட்டவர்கள் சேர்ந்து வாழ நிலம் வாங்கிக் குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. ஊர் நடுவில் கோயில், அதன் மணிக்கு ஏற்ற காலை மாலை ஜெபம், பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம், இரண்டுக்கும் பொறுப்பாக ஓர் உபதேசியார் என்ற அமைப்பு உருவானது. அந்த ஊர்களில் வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையே சுவர் மெல்லியது. கோயிலில் கேட்ட வேதபாடம் ராத்திரி பாயில் மறுபடி வரும். வாசிக்கத் தெரிந்த தாய் அங்கே அரிய பொருளாக இல்லாமல் ஊருக்குத் தேவையானவளாக ஆனாள். 1895இல் பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரில் பெண்களுக்கென ஒரு கல்லூரி எழுந்ததற்கு, தன் மகள் வேதப்புத்தகம் வாசிக்க வேண்டும் என்று அதற்குமுன் மூன்று தலைமுறைத் தாய்மார் ஆசைப்பட்டதும் ஒரு காரணம் என்பேன்.

வளர்ப்பைப் பற்றிய உளவியல் ஆய்வுகள் இந்த இடத்தில் உதவுகின்றன. 1970இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் என்ற இருவர் வெளியிட்ட சோதனை எளிமையானது. பிள்ளைகள் ஒரு விளையாட்டில் பரிசு வெல்வார்கள். அதில் ஒரு பங்கை ஏழைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கலாம். அதற்குமுன் ஒருவர் அதே விளையாட்டை ஆடுவதை அவர்களுக்குக் காட்டினார்கள். சிலருக்கு முன்னால் அவர் கொடுத்தார். சிலருக்கு முன்னால் கொடுக்கவில்லை. கொடுப்பது நல்லது என்று சிலரிடம் சொன்னார். எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்வது நல்லது என்று சிலரிடம் சொன்னார். பிள்ளைகள் கொடுப்பதும் கொடுக்காததும் பெரிதும் அவர் செய்ததையே ஒட்டியிருந்தன. அவர் சொன்னது கையை அசைக்கவில்லை. ஆனால் இன்னொரு பிள்ளைக்கு அறிவுரை சொல்லச் சொன்னபோது பிள்ளைகளின் வாய் அவர் சொன்னதை ஒட்டியது. கொடு என்று சொல்லிவிட்டுக் கொடாமல் இருந்தவரைப் பார்த்த பிள்ளை, அவரைப் போலவே ஒன்றைப் பேசி இன்னொன்றைச் செய்யக் கற்றது. பரிசேயரை இயேசு கடிந்துகொண்டதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு பரிசேயன் எப்படி வளர்க்கப்படுகிறான் என்பதை இந்தச் சோதனையில்தான் கண்ணால் கண்டதுபோல் புரிந்துகொண்டேன்.

இன்னொரு ஆய்வு நீளமானது. தெற்குக் கலிஃபோர்னியாவில் வெர்ன் பெங்ட்சன் 1970இல் தொடங்கி, நான்கு தலைமுறைகளைச் சேர்ந்த 3,500க்கும் மேற்பட்டவர்களை, 350க்கும் மேற்பட்ட குடும்பங்களிலிருந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைகளிடம் தொடர்கிறதா என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. 2013இல் நூலாக வந்த முடிவுகளில் என்னை நிறுத்திய செய்தி தகப்பன்மாரைப் பற்றியது. பக்தி மிகுந்த தகப்பன் பிள்ளையிடம் இறுக்கமாகவும் எட்டத்திலும் இருந்தால், அந்தப் பக்தி பிள்ளையிடம் பெரும்பாலும் தங்குவதில்லை. தகப்பனோடு நெருக்கத்தை உணர்ந்த பிள்ளைகளிடம் அது கூடுதலாகத் தங்குகிறது. தாயின் அன்பும் முக்கியம்; ஆனாலும் தகப்பனின் நெருக்கத்துக்கு அங்கே தனி எடை இருந்தது. தாத்தா பாட்டிகள் நாம் எண்ணுவதைவிடப் பெரிய பங்கு வகிக்கிறார்கள் என்பதும் அதில் உண்டு. விலகிப்போன பிள்ளையை வற்புறுத்தாமல் கதவைத் திறந்து வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்தப் பிள்ளை திரும்பி வந்த கதைகளும் உண்டு. கெட்ட குமாரன் உவமையைச் சமூகவியலாளர் ஒருவர் கேள்விப்பட்டியலோடு போய்ப் பார்த்துவந்ததுபோல் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2015இல் ஆறு நாடுகளைச் சேர்ந்த 1,170 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, சமயப் பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பகிர்ந்துகொள்கிறார்கள் என்று சொன்னது. உலகெங்கும் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. பிறகு வேறோர் ஆய்வாளர் அதன் தரவுகளை வாங்கிப் பார்த்தபோது, நாடுகளுக்குக் கொடுத்திருந்த குறியீட்டு எண்களைக் கணக்கில் அளவுகளாகவே எடுத்துக்கொண்டிருந்த பிழை தெரிந்தது. பிழையைத் திருத்தியதும் முக்கிய முடிவு நிற்கவில்லை. 2019இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சமய வளர்ப்பால் பிள்ளைகள் தானாகவே நல்லவர்களாகிறார்கள் என்று இதிலிருந்து நாம் மகிழவும் கூடாது. வீட்டின் மேல் எழுதியிருக்கும் சமயப் பெயர் மட்டும் பிள்ளையின் குணத்தைச் சொல்லிவிடாது. அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கக் கிடைத்த வீடுகளில் ஒன்று கொல்லிமலையில் இருந்தது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி காய்ச்சல் மண்டிய அந்த மலையில் குடியேறி, மருந்து கொடுத்து, தச்சும் கட்டட வேலையும் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தார்கள். 1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட் அங்கே வளர்ந்தார். அவர் சிறுவனாயிருந்தபோது தொழுநோயாளிகள் மூன்று பேர் வீடு தேடி வந்தார்கள். தகப்பன் கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் காலைக் கழுவிக் கட்டுப்போட்டார். பிள்ளைகளைக் கிட்டே வரவிடவில்லை. வந்தவர்கள் போனபின் அவர்கள் தொட்ட கூடையை எரித்தார்கள். அந்த நாளைப் பற்றிப் பால் பிராண்ட் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். தகப்பனின் பரிவையும் கண்டார்; எரிந்த கூடையையும் கண்டார். அந்த நோயைப் பற்றிய அச்சமும் அந்த நாளோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. தொழுநோய்க்கு அன்று மருந்து இல்லை. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளை இரண்டு பாடங்களையும் எடுத்துக்கொண்டது.

ஒன்பது வயதில் அவரைப் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பினார்கள். தகப்பன் வாராவாரம் கடிதம் எழுதுவார்: மலையில் பூத்தவை, கறையான் புற்று, பறவைகள், கடவுள் படைத்தவற்றைக் கண்ணைத் திறந்து பார் என்ற வேண்டுதல். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி உடனே போய்ச் சேர்ந்தது. கப்பலில் வரும் கடிதங்களோ அதன்பிறகும் சில வாரங்கள் வந்துகொண்டிருந்தன. இறந்துபோன தகப்பன், பதினான்கு வயது மகனுக்கு, மலையில் இன்று என்ன பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெற்றோரின் தாக்கம் என்று நூலகம் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதக் கட்டைவிட அதை நன்றாகச் சொன்ன ஒன்றை நான் படித்ததில்லை. மகன் முதலில் மருத்துவம் வேண்டாம் என்று கட்டட வேலை கற்றார். பிறகு மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், மடங்கி விறைத்த கைகளை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். அந்தக் கைகளை மறுபடி விரிய வைக்கும் தசைநாண் அறுவைசிகிச்சையில் அவர் உலகுக்கே முன்னோடி ஆனார். தகப்பன் போட்ட கையுறையை மகன் கழற்றினார் என்று சொல்ல எனக்கு ஆசை. உண்மையில், நோயைப் பற்றித் தகப்பனுக்குத் தெரியாதிருந்தது மகன் காலத்தில் தெரிந்தது. கட்டுப்போட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அப்படியே வந்து சேர்ந்தது. தாய் ஈவ்லின் கணவர் போன பின்னும் மலையை மறக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு மலைகளுக்கே திரும்பி வாழ்ந்து, 1974இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்தார்.

மிஷனரிக் குடும்பங்களை எடுத்துக்காட்டுவது எளிது; அவர்கள் எழுதிவைத்தார்கள், அவர்களைப் பற்றியும் எழுதினார்கள். எழுதாத வீடுகளில் நடந்தது அதைவிடப் பெரியது. கைப்பிடி அரிசியை எடுத்துக்கொள்வோம். உலை வைக்குமுன் தாய் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு கலயத்தில் போடுவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். ஏலம் போட்டோ விற்றோ பணமாக்கி ஊழியத்துக்கு அனுப்புவார்கள். பிடி அரிசி எடுத்துவைப்பது தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியது அன்று. மிசோரமில் அதே வழக்கம் நூறாண்டுக்கு மேலாக ஒரு திருச்சபையையே தாங்குகிறது. இந்தப் பிடி அரிசியின் ஆற்றல் அது நிகழும் நேரத்தில் இருக்கிறது. காணிக்கைப் பையில் போடும் காசு வாரம் ஒருமுறை, அதுவும் மிஞ்சியதிலிருந்து. அரிசியோ நாள்தோறும், சமைக்கும் முன்னால், வீட்டில் அரிசி குறைவாக இருந்தாலும் கூட. அடுப்படியில் தாயின் காலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் பிள்ளை அதைப் பார்க்கிறது. நம் சோற்றில் முதல் பங்கு நமக்கில்லை என்பதை அது வார்த்தை கற்கும் முன்பே கற்றுவிடுகிறது.

இந்த வீடுகளிலிருந்து வந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில், ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். பல ஆண்டுகள் காத்திருந்து வேண்டிப் பெற்ற மகன் என்பதால் தாய் எல்லன் சாமுவேல் என்று பெயர் வைத்தார். வேதத்தில் சாமுவேலின் தாயான அன்னாளின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் புரியும். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தார். வளர்த்தெடுத்தது தாயின் உறுதி. 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் அவர் ஒருவர். இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அதன் ஏற்பாடு. இந்தியரின் பணம் என்றபோது அவர் மனத்தில் பெரிய தனவந்தர் எவரும் இருந்திருக்க மாட்டார். அந்தக் கலயங்கள்தாம் இருந்திருக்கும். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். பிறகு அவரே போனார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு இரண்டாண்டு முன்பு எடின்பரோ உலக மாநாட்டில் நின்று, மேலை மிஷனரிகள் எங்களுக்காக உடைமையைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், நாங்கள் கேட்பது நட்பு என்ற கருத்தைச் சொல்லி அரங்கை அதிரவைத்தவர் அவர். கொடுக்கத் தெரிந்த வீட்டில் வளர்ந்தவருக்குத்தான் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருக்கும் மேடு பள்ளம் அவ்வளவு கூர்மையாகத் தெரியும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஓர் எண். 2011 கணக்கெடுப்பின்படி ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குக் கிறிஸ்தவரிடையே 958 பெண் குழந்தைகள். நாடு முழுவதற்கும் அது 920க்குக் கீழே. கிறிஸ்தவர் செறிந்து வாழும் கேரளமும் வடகிழக்கும் தென் தமிழகமும் பெண்குழந்தைகளைப் பொதுவாகவே காப்பாற்றும் பகுதிகள் என்பதால், முழுப் பெருமையையும் ஞானஸ்நானத்துக்குக் கொடுக்க முடியாது. பெருமைப்படவும் அவசரம் வேண்டாம். அதே வீடுகளில் வரதட்சிணையை ஜெபத்தோடு பேசி முடிப்பவர்களை நாம் அறிவோம்.

இனி, நெடுநாளாகத் தள்ளிப்போட்டதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சியின் ஜெபத்தில் வந்த, முற்றம் பெருக்கிய அம்மாவுக்குக் காப்பி கொடுக்கத் தனித் தம்ளர் இருந்தது. பின்கட்டில் ஓர் ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ராத்திரி அவர் பெயரைச் சொல்லி, அவர் மகனுக்கு நல்ல புத்தி கொடும் ஆண்டவரே என்று கண்ணீரோடு ஜெபித்ததும் அதே ஆச்சிதான். பொய்யான கண்ணீர் அன்று அது. நானும் தங்கையும் இரண்டையும் பார்த்தே வளர்ந்தோம். இரண்டும் முரண் என்று வெகுகாலம் தெரியவே இல்லை. பிரையனும் வால்பெக்கும் அந்தப் பரிசோதனையை எங்கள் பின்கட்டில் நடத்தியிருக்கலாம்.

திருச்சபை இதைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சைப் பகுதியில் பலர் பிரிந்துபோனார்கள்; எதிர்த்தவர்களுள் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் உண்டு. 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், ஊழியர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதை ஏற்காமல் பலர் வேலையை விட்டார்கள். நம் சபைகளில் ஆண்டுதோறும் நடக்கும் அசனத்தில் ஊர் முழுதும் ஒரே பந்தியில் உட்காரும். அதைக் கண்டு நெகிழாதவர் இல்லை. ஆனால் அசனம் ஆண்டுக்கொரு நாள், அடுப்படி முந்நூற்றறுபத்தைந்து நாள். திருவிருந்தின் பாத்திரம் எல்லோருக்கும் ஒன்று, வீட்டுத் தம்ளர் வேறு. பேராயரின் ஆணை கோயில் வாசல்வரை வந்தது. கல்யாணப் பேச்சு கோயிலுக்கு வெளியே, வீட்டுக் கூடத்தில், பெரும்பாலும் குடும்ப ஜெபம் நடந்த அதே பாயில் உட்கார்ந்து நடந்தது. கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களில் இன்றும் சபைப் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பெயர் நிற்கிறது.

அந்தப் பாயின் மறுபக்கத்திலிருந்து எழுதியவர் பாமா. 1992இல் வந்த அவருடைய ‘கருக்கு’ ஒரு கத்தோலிக்கத் தலித் பிள்ளையின் வளர்ப்பைச் சொல்வது. பூசையும் நோன்பும் பாவசங்கீர்த்தனமும் அதில் நிறைந்து கிடக்கின்றன. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றில் தூக்கிக்கொண்டு போய் மேல்சாதிக்காரரிடம் கொடுக்கும் காட்சியும் உண்டு. சிறுமிக்கு அது வேடிக்கையாக இருந்தது. அண்ணன்தான் அதன் அர்த்தத்தைச் சொன்னார். நன்றாகப் படி, படித்தால் உன்னை மதிப்பார்கள் என்றும் சொன்னார். அவள் படித்தாள். பிறகு துறவறத்தில் சேர்ந்தாள்; தான் எதிர்பார்த்த அன்பு அங்கே இல்லாததைக் கண்டு வெளியே வந்தாள். அண்ணனின் சொல்லும் பாட்டியின் உழைப்பும் பாமாவை ஆக்கின. தனக்குக் கற்பித்த நற்செய்தியையே அளவுகோலாக எடுத்து, கற்பித்தவர்களை அளக்கும் துணிவும் அந்த வளர்ப்பில் கிடைத்ததுதான். கிறிஸ்தவ வளர்ப்பின் மிக நல்ல விளைவுகளில் ஒன்றாக அந்தத் துணிவை நான் எண்ணுகிறேன். சபைகள் அப்படி எண்ணத் தயங்குகின்றன.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீதிமொழிகளைக் காட்டிப் பிள்ளையை அடிப்பவர்கள், தகப்பன்மாரே பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனமுறியப் பண்ணாதீர்கள் என்ற பவுலின் அறிவுரையை அவ்வளவு எளிதாக நினைவுக்குக் கொண்டுவருவதில்லை. வசனம் சொல்லத் தவறியதற்கு அடி வாங்கிய பிள்ளை வசனத்தைக் கற்கும்; கூடவே அந்த வசனத்தைச் சொன்ன கடவுளின் முகத்தை அப்பாவின் முகம்போல் நினைத்துக்கொள்ளும். பெங்ட்சனின் குடும்பங்கள் காட்டியது இதைத்தான். எட்டி நின்ற தகப்பன்களின் பிள்ளைகள் பலர் தகப்பனை விட்டுப் போனபோது கடவுளையும் விட்டுப் போனார்கள்.

இன்று பாய் சுருட்டப்பட்டு வருகிறது. அப்பா வளைகுடாவில், அம்மா வேலை முடிந்து எட்டு மணிக்கு வருகிறாள், பிள்ளைக்குத் தனிப்பயிற்சி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதிகாலையில் வசனப்படம் வந்து விழுகிறது. எல்லோரும் கைகூப்பும் படத்தைப் பதிலாக இடுகிறார்கள். தூரத்தில் இருப்பவர்களைச் சேர்த்து வைக்கிறதென்பதால் இதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் 1973இல் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் நாற்பது மாணவர்களை வைத்து நடந்த சோதனை நினைவுக்கு வருகிறது. சிலர் நல்ல சமாரியன் உவமையைப் பற்றியே பேசப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகினார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். எந்த உவமை மனத்தில் இருந்தது என்பதைவிடக் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது பெரிதாக வேலை செய்தது. கடைக்குட்டி எழுத்துக்கூட்டி வாசிக்கும்வரை ஒரு வீடே காத்திருந்த அந்த நேரத்தை நான் இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

ஆச்சி போனபின் ஜெபம் அம்மாவிடம் வந்தது. அம்மா அதிகம் பேசமாட்டாள். பெயர் வரிசையும் சுருங்கியது. ஒரு நாள் காலையில் முற்றம் பெருக்கி முடித்து அந்த அம்மா பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அம்மா ஆணியில் தொங்கிய தம்ளரை எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, எங்கள் தம்ளர்களோடு அடுக்குப் பலகையில் கவிழ்த்தாள். பிறகு எங்கள் தம்ளர்களில் கைக்கு வந்த ஒன்றில் காப்பி ஊற்றிக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து தன் காப்பியைக் குடித்தாள். அன்று ராத்திரி ஜெபத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆணி மட்டும் சுவரில் இருந்தது. பல வருஷம் கழித்து வெள்ளையடிக்க வந்தவர்கள்தான் அதைப் பிடுங்கினார்கள்.